அணைஞ்ச பைப்புக்கு ஆறு குச்சி

வாடா பேராண்டி. அந்த நார்க்கட்டில்ல உக்காராதே, நடுவுல தொய்ஞ்சு கிடக்கு. அமெரிக்கா உடம்பை அது தாங்காது. இப்படித் திண்ணைக்கு வா. உங்க ஆச்சி ராத்திரி முழுக்கத் தூங்கலை, தெரியுமா? "பேரன் பெட்டிக்குள்ள குட்டிகுட்டியா நாயனம் மாதிரி என்னமோ அடுக்கி வச்சிருக்கான், கச்சேரி எதுவும் பழகுதானா"ன்னு கேட்டா. "கச்சேரிதான் இவளே, ஆனா ஊதுற கச்சேரி இல்லை, உறிஞ்சுற கச்சேரி"ன்னு சொன்னேன். அவளுக்கு விளங்கலை. விளங்காத மட்டும் உனக்கு நல்லது.

பதினோரு பைப்பு இருக்கு. கோவிச்சுக்கிடாதே, நீ குளிக்கப் போன நேரம் திறந்து எண்ணிட்டேன். வயசானவனுக்கு ரெண்டு சலுகை உண்டு. தூங்குற மாதிரி நடிக்கலாம், அடுத்தவன் பெட்டியைத் திறக்கலாம். முதல் சலுகையை வச்சுத்தான் நேத்து ராத்திரி நீ போன்ல பேசுனதையும் கேட்டேன். லண்டன்ல ஒரு கூட்டாளி, சிங்கப்பூர்ல ஒருத்தன், நீ இருக்கிற செயிண்ட் லூயிஸ்ல ரெண்டு பேரு. "இன்னைக்கு என்ன புகையிலை? எந்தப் பைப்பு? காலையில காப்பியோடயா, சாப்பாட்டுக்கு மேலயா? நாய்க்கு ஊசி போட்டாச்சா? மாமியா ஊருக்குப் போயாச்சா?" இப்படியே ஒண்ணரை மணி நேரம். எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு. ஏன்னா இந்தப் பேச்சை நான் முப்பது நாப்பது வருசத்துக்கு முந்தியே கேட்டுட்டேன். அந்தா தெரியுதுல்ல வேப்பமரம், அதுக்கடியில.

பொழுது சாயவும் காட்டுல இருந்து வருவோம். மழைக்காலம்னா கரிசல் மண்ணு காலுல அப்பி, செருப்புக்குக் கீழே இன்னொரு செருப்பு தச்ச மாதிரி இருக்கும். குச்சியால அதைச் சுரண்டிக்கிட்டே ஏழெட்டுப் பேரு கூடுவோம். ஆளுக்கு ஒரு சரக்கு. கடுக்கன் போட்ட பெரியவர் ஒருத்தர், அவரு பொடி. வாழை மட்டையில மடிச்ச பொடியை ரெண்டு விரல்ல எடுத்தார்னா அத்தனை பேரும் பேச்சை நிறுத்திருவோம். தும்மல் விழுந்த பெறகுதான் மறுபேச்சு. பஞ்சாயத்துல அவரு எந்தப் பக்கம் பாத்துத் தும்முதாரோ அந்தக் கட்சி ஜெயிக்கும்னு ஒரு நம்பிக்கை வேற. அடுத்தவரு சுருட்டு. திண்டுக்கல் சுருட்டு ஒண்ணை வாங்கி மூணு நாளைக்கு வச்சுக் குடிப்பாரு. ரெண்டு இழுப்பு, அணைச்சுக் காது மடல்ல சொருகல், மறுநாள் எடுத்து மறுபடியும் ரெண்டு இழுப்பு. அவரு பக்கம் கொசு அண்டாது. பெண்டாட்டியும் அண்ட மாட்டா. மிச்சப் பேரெல்லாம் பீடிக் கூட்டம், நான் உட்பட. போயிலை போடுற ஆச்சிமாரு எதிர்த்திண்ணையில தனி மகாநாடு. கன்னத்துல ஒதுக்குன போயிலைக் கட்டையோட அவுக பேசுற பேச்சு அவுகளுக்கு மட்டுந்தான் புரியும்.

எங்க பேச்சும் உங்க பேச்சுதான். "என்ன மச்சான், இன்னைக்குப் போயிலை எப்படி?" "காரம் பத்தாது. கடைக்காரன் எடை கூடணும்னு தண்ணி தெளிச்சிருக்கான்." "யாழ்ப்பாணம் போயிலைன்னு சொல்லிக் கொடுத்தானே?" "யாழ்ப்பாணத்தை அவன் படத்துலகூடப் பாத்திருக்க மாட்டான்." ஊடால ஊடால எந்தப் புஞ்சையில உளுந்து பூவெடுத்திருக்கு, எவன் மாடு சினை, வாய்தா என்னைக்கு. கோயில்பட்டி மில்லுச் சங்கு ஊதுனா எந்திரிச்சுக்கிடுவோம். நீங்க என்னமோ கடல் தாண்டிப் புதுசா ஒரு கூட்டம் கண்டுபிடிச்சதா நெனைச்சுக்கிட்டு இருக்கீக. வேப்பமரத்தை விமானத்துல ஏத்திக் கொண்டுபோயிருக்கீக, அம்புட்டுதான்.

அதுக்காக அந்த வேப்பமரத்தடியைச் சொர்க்கம்னு நெனைச்சிராதே. ஒருத்தன் பீடி நெருப்புல இன்னொருத்தன் பீடியைப் பத்தவைப்போம், ஒரு நெருப்புல ஏழு பீடி பத்தும், அது நெசம். ஆனா தெக்குத்தெருவுல இருந்து வாரவரு, எங்க அப்பா வயசு இருக்கும், எங்க கண்ணுல பட்டதும் பீடியைக் கீழ போட்டு மிதிப்பாரு. சின்னப் பயலுக நாங்க கால்மேல கால் போட்டு ஊதிக்கிட்டு இருப்போம். புகைக்குச் சாதி இல்லை, அது மேல போயி ஒண்ணா கலந்துரும். பீடியைப் பிடிச்ச கைக்கு இருந்துச்சு. அவரு மிதிச்ச பீடி கொஞ்ச நேரம் மண்ணுக்குள்ள புகைஞ்சுக்கிட்டே இருக்கும். அன்னைக்கு நாங்க அதைப் பாத்ததே இல்லை. இப்ப கண்ணை மூடுனா அதுதான் முதல்ல தெரியுது. சரி, விடு.

உன் பைப்புக்கு வருவோம். இது பிரையர் கட்டைன்னு சொன்னே. மத்தியதரைக் கடல் ஓரத்துல வளர்ற ஒரு புதர், அதோட வேர்ல முண்டு கட்டுமாம். அதைத் தோண்டியெடுத்து, மணிக்கணக்கா வேகவச்சு, மாசக்கணக்கா காயவச்சுக் கடைஞ்சா நெருப்பு தாங்குற பைப்பாம். பிரான்சுல செயிண்ட் குளோடுங்கிற ஊருக்கே அதுதான் பொழப்புன்னும் சொன்னே. கேக்கக் கேக்க எனக்கு வயித்தெரிச்சல். நம்ம கண்மாய் பூராவும் சீமைக்கருவேலம். அதுக்கும் வேர்ல முண்டு இருக்கு. வெட்டுற கோடாலி பல்லு போயிரும், அம்புட்டு உரம். அதை நாம என்ன பண்ணுதோம்? மூட்டம் போட்டுக் கரியாக்கி மூட்டை இம்புட்டுன்னு விக்கோம். அவுக வேரைப் பைப்பாக்கி மெதுவா எரிக்காக, நாம ஒரே மூட்டா எரிச்சுருதோம்.

இதைக்கூட விட்டுருவேன். அந்த மஞ்சப் பைப்பு எடுத்தியே, அதைப் பாத்துத்தான் எனக்கு மூச்சு நின்னு போச்சு. ஏலே, அது மக்காச்சோளச் சக்கை! மணியை உதுத்துட்டு நாம அடுப்புல போடுதோமே, அதே சக்கை. 1869ல, மிசௌரி ஆத்தங்கரையில வாஷிங்டன்னு ஒரு ஊரு, தலைநகரம் இல்லை, இது வேற வாஷிங்டன், அங்க ஹென்றி டிப்பேன்னு ஒரு மரக்கடைசல்காரரு. ஒரு சம்சாரி சக்கையைக் கொண்டுபோயி, "இதைக் கடைஞ்சு பைப்பாக்கிக் கொடுங்க"ன்னு கேட்டிருக்காரு. கடைசல்காரரு கடைஞ்சாரு; ஓட்டை தெரியாம இருக்க மேல சுண்ணாம்புச் சாந்தைப் பூசுனாரு; கம்பெனி ஆரம்பிச்சாரு. அந்தக் கம்பெனி இன்னும் நடக்குது. மெக்கார்தர்னு ஒரு தளபதி சக்கைப் பைப்போட எடுத்த போட்டோ உலகம் பூரா பரவிருச்சு. இங்க உங்க சித்தப்பன் ஏழு ஏக்கர்ல மக்காச்சோளம் போட்டான். படைப்புழு ஒரு பங்கு, மயிலும் பன்னியும் ஒரு பங்கு, யாவாரி ஒரு பங்கு, மிச்சம் சக்கை. நம்ம சம்சாரி எவனும் ஒரு சக்கையைத் தூக்கிக்கிட்டு மரக்கடைசல் பட்டறைக்குப் போகலை பாரு. போயிருந்தாலும், "வேற வேலை இல்லையா ஓமக்கு"ன்னு விரட்டியிருப்பான்.

அந்த டப்பாக்கள்ல இருந்த சரக்கையும் மோந்து பாத்தேன். ஒண்ணு செர்ரிப் பழம், வெண்ணிலா வாசம். கல்யாண வீட்டு ஐஸ்கிரீம் மாதிரி. அதைக் குடிக்கிறதா, நக்குறதான்னு தெரியலை. இன்னொண்ணு கறுப்பா இருந்துச்சு பாரு, லட்டாக்கியா. சிரியா தேசத்துத் துறைமுகப் பேரு, விறகுப் புகையில தொங்கவிட்டுப் பக்குவம் பண்ணுனதுன்னு பெருமையா சொன்னே. அதை மோந்ததும் நம்ம கரிமூட்டக்காரன் வேட்டி ஞாபகம் வந்துச்சு. யாழ்ப்பாணத்துக்காரன் தேங்காமட்டைப் புகை போட்டுப் போயிலை பக்குவம் பண்ணுதான். கருப்பட்டிப் பாணி தெளிச்சு ஊறவைக்கிறதும் நம்ம பக்கத்துப் பழக்கந்தான். நீங்க டப்பாவுல போட்டு ஏழு வருசம் ஊறவைக்கிறதா சொன்னியே, அதுவும் எனக்கு அதிசயம் இல்லை. நம்ம வீட்டுல புளியை அப்படித்தான் வைக்கோம். என்ன, பழம்புளியை மோந்து பாத்து எவனும் நாலு பேருக்குப் போன் போட்டதில்லை.

போயிலை ஒண்ணும் நம்ம தாத்தன் பூட்டன் சொத்து இல்லை. பரங்கிக்காரன் கப்பல்ல வந்து இறங்குனது. ஆனா நம்ம ஆளு கெட்டிக்காரன், வந்த விருந்தாளிக்கு வந்த மறுநாளே ஒரு புராணம் கட்டிருவான். சீனிச்சர்க்கரைப் புலவர்னு ஒருத்தர் 'புகையிலை விடு தூது'ன்னு ஒரு புஸ்தகமே பாடியிருக்காரு. பழனி முருகனுக்குத் தூது அனுப்புறதுக்கு அன்னம் இல்லை, கிளி இல்லை, போயிலையைப் பிடிச்சு அனுப்புதாரு. உ.வே.சாமிநாதையர் அதைத் தேடிப் பதிப்பிச்சிருக்காரு. அதுல ஒரு கதை வருது. மும்மூர்த்திக்குள்ள வழக்கு, சபையில ஆளுக்கு ஒரு இலை கொடுத்து, நாளைக்குக் கொண்டாங்கன்னு சொல்லிட்டாக. சிவனோட வில்வத்தைக் கங்கை அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. பெருமாள் துளசியைப் பாற்கடல் கொண்டுபோயிருச்சு. பிரம்மா மட்டும் சரசுவதி கையில கொடுத்து வச்சிருந்தாரு, தப்பிச்சுது. மறுநாள் சபையில, "எல்லார் இலையும் போச்சு, என் இலை போகையிலை"ன்னாராம். போகையிலை, புகையிலை. போயிலைக்குப் பிரமபத்திரம்னு பேரு வந்த கதை இது. எனக்கு இதுல பிடிச்ச இடம் வேற. அத்தனை பெரிய பிரம்மாவும் இலையைப் பெண்டாட்டிகிட்டத்தான் கொடுத்து வச்சிருந்திருக்காரு. நான் பீடிக்கட்டை உங்க ஆச்சிகிட்ட கொடுத்து வைக்காம, கூரையில சொருகிச் சொருகித்தான் அம்புட்டையும் தொலைச்சேன்.

வெள்ளைக்காரன் நம்மகிட்ட இருந்து சுருட்டை மட்டும் எடுத்துக்கிடலை, பேரையும் எடுத்துக்கிட்டான். அவன் சொல்லுற 'செரூட்' நம்ம சுருட்டுதான். துப்பறியுற ஷெர்லாக் ஹோம்ஸ் முதல் கதையிலேயே, 1887ல வந்தது, கொலை நடந்த வீட்டுல சாம்பலைப் பாத்து இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டுன்னு கண்டுபிடிக்காரு. அவரைவிடப் பெரிய துப்பறியுறவ நம்ம வீட்டுலயே இருக்கா. சட்டைப் பையை மோந்து, எத்தனை பீடி, எந்தக் கடை, யாரு வாங்கிக் கொடுத்ததுன்னு உங்க ஆச்சி சொல்லிருவா.

பைப்புல போயிலை அடைக்கிற முறையைச் சொன்னியே, அதைக் கேட்டுட்டுத்தான் நேத்து நான் எந்திரிச்சு உள்ள போனேன். நீ தப்பா நெனைச்சிருப்பே. முதல்ல சின்னப் பிள்ளை கையால அமுக்குற மாதிரி மெதுவா, அப்புறம் பொம்பளை கையால, கடைசியா ஆம்பளை கையாலன்னு சொன்னே. சரியான சாத்திரம். ஆனா இந்த மூணு கையையும் நான் வேற இடத்துல பாத்திருக்கேன். தீப்பெட்டி ஆபீஸ்ல. விடியுறதுக்கு முந்தியே ஆபீஸ் பஸ்ஸு ஊருக்குள்ள வந்து நிக்கும். தூக்குச்சட்டியோட பிள்ளைக தூங்கிக்கிட்டே ஏறும். குச்சியைக் கட்டையில அடுக்குறதுக்குச் சின்ன விரலுதான் தோதுன்னு சொல்லுவாக. 1986ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. 1996ல சுப்ரீம் கோர்ட்டு சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்காகத் தீர்ப்புச் சொல்லிச்சு. பள்ளிக்கூடத்துல சோறும் கிடைச்சுது. மெதுமெதுவா அந்தக் கையெல்லாம் சிலேட்டுக்குப் போச்சு. உங்க அம்மா அந்த பஸ்ஸுல நாலு வருசம் போனவ. உன்கிட்டச் சொல்லியிருக்க மாட்டா. இப்பவும் எண்ணும்போது அவ விரலைப் பாரு, குச்சி அடுக்குற மாதிரியே போகும்.

நம்ம பக்கம் தீப்பெட்டி வந்த கதை தெரியும்ல? சிவகாசியில இருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல கல்கத்தா போயித் தொழிலைப் படிச்சுட்டு வந்தாக. மழை இல்லாத பூமி, வெள்ளாமை வந்தா வந்துச்சு, இல்லைன்னா இல்லை. அந்தக் காய்ச்சல்தான் தீக்குச்சிக்குத் தோது, மருந்து முக்குனது சீக்கிரம் காயும். வானம் நம்மளைக் கைவிட்டதைக் காசாக்குனது இந்தத் தொழிலு. சிவகாசி, சாத்தூர், கோயில்பட்டின்னு பரவுச்சு. மரம் கேரளாவுல இருந்து வருது. மருந்து நம்ம ஊர்ல முக்குதாக. உங்க சித்தி இன்னைக்கும் பெட்டி அடைக்கப் போறா. பீடிக்கும் அதே கதைதான். இலை மத்தியப்பிரதேசத்துக் காட்டுல பறிச்சது, தூளு குஜராத்துல இருந்து வருது, முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கத்துப் பொம்பளைக மடியில தட்டை வச்சுச் சுத்திக் கட்டுதாக. ஆயிரம் பீடி சுத்துனாத்தான் ஒரு நாள் கூலி. இம்புட்டுப் பேரு கை பட்டு, கடைசியில ஒரு ஆம்பளை நெஞ்சுக்குள்ள போயி முடியுது.

அதனாலதான் உனக்கு நான் புத்தி சொல்லப் போறதில்லை. புத்தி சொன்னா எவன் கேக்கான்? சிகரெட்டுப் பெட்டி மேல எண்பத்தஞ்சு சதவீதத்துக்குப் புண்ணைப் படம் போட்டு வச்சும் வாங்குதான். படம் நல்லா இல்லை, வேற படம் போட்ட பெட்டி கொடுன்னு கடையில கேக்குறவனை என் கண்ணால பாத்தேன். நான் யாவாரம் சொல்லுதேன். கேளு.

உன்னை நேத்துச் சாயங்காலம் கவனிச்சேன். ஆடிக்காத்துல வாசல்ல நின்னு பைப்பைப் பத்தவச்சே. அணைஞ்சுது. பத்தவச்சே. மேல பொங்கி வந்ததை ஒரு ஆணி வச்சு அமுக்குனே, மறுபடியும் பத்தவச்சே. ரெண்டு இழுப்பு, அணைஞ்சுது. ஒரு பைப்புக்கு ஆறு குச்சி. பீடிக்காரனுக்கு ஒரு குச்சி. அதுவும் கையைக் குழிச்சுக் காத்தை மறிச்சுப் பத்தவச்சா அதுலயே இன்னொருத்தனும் பத்திக்கிடுவான். எங்களை நம்பித்தான் இத்தனை வருசம் இந்தத் தொழிலு ஓடுச்சுன்னு நெனைச்சேன். இல்லை பேராண்டி. நம்ம ஊரு தேடிக்கிட்டு இருந்த வாடிக்கைக்காரன் நீதான்! இழுக்குறதைவிடப் பத்தவைக்கிறதுதான் உங்களுக்குப் பெரிய வேலை. ஐம்பது பைசாத் தீப்பெட்டி 2007ல ஒரு ரூவா ஆச்சு. பதினாலு வருசம் கழிச்சு, 2021 டிசம்பர்லதான் ரெண்டு ரூவா. இந்த உலகத்துல பதினாலு வருசம் விலை ஏறாத சாமான் வேற எதையாச்சும் சொல்லு பாப்போம். உன்னை மாதிரி நாலாயிரம் பேரு, அணைஞ்சு அணைஞ்சு பத்தவைக்கிற ஆளுக, இருந்தாப் போதும். அதனால உனக்கு என் யோசனை இதுதான்: பத்தவை, பத்தவை, பத்தவச்சுக்கிட்டே இரு. இழுத்துறாதே. இழுத்தா சீக்கிரம் தீந்துரும்; நீயுந்தான்.

பைப்புக்கு ஓய்வு கொடுக்கணும்னு சொன்னியே, இன்னைக்குக் குடிச்ச பைப்பை நாளைக்குத் தொடக் கூடாது, ஈரம் காயணும், அதுக்குத்தான் பதினோரு பைப்புன்னு. உள்ளுக்குள்ள கருக்குப் படியணும், தோசைக்கல்லைப் பழக்குற மாதிரி பழக்கணும், பஞ்சு சுத்துன கம்பியை விட்டுத் துடைக்கணும். நல்ல ஏற்பாடு. கட்டைக்கு இம்புட்டுக் கவனிப்பு. பைப்பு பதினொண்ணு வச்சிருக்கே, சரி. நெஞ்சு எத்தனை வச்சிருக்கே? அதுக்கு எந்தக் கிழமை லீவு? நான் யாவாரம்தான் பேசுதேன், முறைக்காதே.

நான் ஏன் விட்டேன்னுதானே கேக்கப்போறே. பெரிய வைராக்கியம் ஒண்ணும் இல்லை. பொடிக்காரரு மூக்குல ரத்தம் வருதுன்னு சொல்லிக்கிட்டே ஒரு வைகாசியில போயிட்டாரு. எதிர்த்திண்ணை ஆச்சி ஒருத்தி, கன்னத்துல போயிலை ஒதுக்குன இடத்துலயே ஓட்டை விழுந்து, அடையாறு ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனாக. பேச்சு வராம, கையைக் காட்டிக் காட்டியே மூணு மாசம் இருந்தா. அம்புட்டுக் கதை பேசுனவ. பீடிக் கூட்டத்துல ஒருத்தர் ஒருத்தரா இருமி இருமிக் குறைஞ்சு, ஒரு நாள் மரத்தடிக்குப் போனா நான் மட்டும் உக்காந்திருக்கேன். பீடியை எடுத்தேன். நெருப்பு கேக்க ஆள் இல்லை, கொடுக்கவும் ஆள் இல்லை. தனியாக் குடிச்சா அது வெறும் புகைதான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. கட்டைக் கொண்டாந்து உங்க ஆச்சி கையில கொடுத்தேன். பிரம்மா புத்தி எனக்கு அறுபத்து மூணு வயசுலதான் வந்துச்சு. இப்ப இந்த டப்பியைப் பாரு, பொடிக்காரரு டப்பிதான், அவரு மகன் கொடுத்தான். உள்ள கடலைமிட்டாய் வச்சிருக்கேன். 2020ல நம்ம கோயில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் முத்திரை கொடுத்துட்டாக, வேற ஊர்க்காரன் இந்தப் பேரைச் சொல்லி விக்கக் கூடாது. பல்லு இருக்கிற வரைக்கும் ஒண்ணு எடுத்துக்கோ.

தீப்பெட்டி மட்டும் இன்னமும் இடுப்புல இருக்கும். யாராச்சும் கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாதுல்ல.

இன்னொரு சங்கதி. உன் பெட்டியில இருக்கிற அந்த நீல லைட்டரை ஊருக்குள்ள எடுத்துக் காட்டாதே. பஸ் ஸ்டாண்டுலயும் பைப்போட நிக்காதே. 2008ல இருந்தே பொது இடத்துல குடிச்சா இருநூறு ரூவா தண்டம். போலீஸுகூட ரசீது கொடுத்து விட்டுரும்; லைட்டரைப் பாத்தா நம்ம ஜனம் விடாது. சீனாவுல இருந்து பத்து ரூவா லைட்டர் வந்து இறங்குச்சு பாரு, ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியைச் சாப்பிட்டுருதுன்னு இங்க கணக்குச் சொன்னாக. எத்தனை ஆபீஸ் கதவு அடைச்சுக் கிடந்துச்சு. மனு, கடுதாசி, முதலமைச்சரு டெல்லிக்கு எழுதி, கடைசியா 2023 ஜூன்ல இருபது ரூவாய்க்குக் கீழ உள்ள லைட்டரை வெளிநாட்டுல இருந்து இறக்கக் கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு. அன்னைக்கு உங்க சித்தி பாயாசம் வச்சா. உன் லைட்டரு விலை கூடுனதா இருக்கலாம். இருந்தாலும் உள்ள வை.

லைட்டரால இந்தத் தெருவுலயே ஒரு குடும்பப் பகை நடக்குது, உனக்குச் சொல்லலைல்ல? எதிர்வீட்டுத் தாத்தா, சுருட்டுக்காரரு, நம்ம மரத்தடியில மிச்சம் இருக்கிறது நானும் அவரும்தான். நாலு வருசத்துக்கு முந்தி துபாய்ல இருக்கிற மகன் ஒரு லைட்டரு அனுப்புனான், மேல கப்பல் படம் போட்டது. மாரியம்மன் கோயில் கொடையன்னைக்கு நாலு பேரு நடுவுல சுருட்டை எடுத்தாரு. நான் வழக்கம்போலக் குச்சியை உரசி நீட்டுனேன். "வேண்டாம் மச்சான், நம்மகிட்ட இருக்கு"ன்னு டிக்குன்னு ஒரு சத்தம். நான் நீட்டுன குச்சி என் விரலைச் சுட்டுச்சு. என் மருமக அடைச்ச பெட்டிக் குச்சி! "இனிமே உமக்கும் எனக்கும் பேச்சு இல்லை"ன்னு சொல்லிட்டேன். சொன்ன சொல்லு நாலு வருசமா நிக்குது. சுருட்டு இப்ப அவரும் குடிக்கிறதில்லை, டாக்டரு நிறுத்திட்டாரு. ராத்திரி இருமுறது மட்டும் இங்க வரைக்கும் கேக்கும். கேக்காத அன்னைக்கு நான் எந்திரிச்சு வாசலுக்கு வந்து நிப்பேன். உங்க ஆச்சி எதுக்குன்னு கேட்டா, ஒண்ணுக்குப் போகன்னு சொல்லுவேன்.

என்ன தடவுதே? தீப்பெட்டியா? மாடத்துல ரெண்டு பெட்டி இருந்துச்சே. காணோமா? அடுப்பங்கரையில? அங்கயும் இல்லையா? அதிசயம்தான். கோயில்பட்டிக்குப் பக்கத்துல, தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குறவ வீட்டுல, ஒரு குச்சி இல்லை. என் இடுப்பையா பாக்கே? இதுல கடலைமிட்டாய்தான் இருக்கு, சொன்னேன்ல. லைட்டரை எடுக்காதே, சித்தி வார நேரம்.

ஒண்ணு பண்ணு. எதிர்வீட்டுல போயி, "தாத்தா, கொஞ்சம் நெருப்பு இருக்கா"ன்னு கேளு. பைப்பைக் கையில வச்சுக்கிட்டே போ, அவரு அந்த மாதிரி சாமானைப் பாத்தா உக்காரவச்சுக் கதை கேப்பாரு. கப்பல் படம் போட்ட லைட்டரை நீட்டுவாரு, வாங்கிக்கிடாதே. "எங்க தாத்தா தீப்பெட்டி நெருப்புதான் வாங்கிட்டு வரச் சொன்னாரு"ன்னு சொல்லு. நான் சொன்னதாவே சொல்லு. என்ன பதில் சொல்லுதாருன்னு பாரு.

பையப் பேசாதே, சத்தமாப் பேசு. எனக்கு இங்க கேக்கணும்.